வழியறிதலும் வழிக்கடனும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்தி ஒரு சிந்தனை

கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையிற் புறப்பட்டுத் தெற்கே நிந்தவூர் வரை துவிச்சக்கரவண்டியிற் செல்லும் ஒருவனுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே தேவைப்படும். அந்நேரத்துக்குள் அவன் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு எனப் பல ஊர்களைக் கடந்துவிடுவான். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் இடைகலந்து வரும் இந்நெடிய தொடரில், ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்கும் இடத்தைக் காட்டுவதற்கு ஆறோ மலையோ கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும், இடையில் மணற்பாங்கான ஒடுங்கிய நிலம், அதனூடாக ஒரு பெருந்தெரு. பஸ்ஸில் அமர்ந்திருப்பவன் எல்லையைக் கடந்ததை அறியாமலே கடந்துவிடுகிறான். நடந்து செல்பவனோ அறிந்து கடக்கிறான். அறிந்து கடத்தல் என்னும் இச்செயலில் ஓர் ஒழுக்கப் பிரச்சினை அடங்கியுள்ளது. எல்லைப்புற நிலமொன்றில் நடந்து திரிந்து ஒருவன் பெறும் அறிவு யாருக்கு உரியது? அது அவனுக்கு உரிமையைத் தருகின்றதா, அன்றி அவன்மீது கடனை ஏற்றுகின்றதா?

கால்களால் அறியப்படும் எல்லை கோடு அன்று. அது ஒரு பரப்பு. கல்முனையின் சில ஒழுங்கைகளிற் பாங்கோசையும் கோயில் மணியோசையும் ஒருங்கே செவியில் விழும். கடைப் பெயர்ப்பலகைகள் மெல்ல மெல்ல மாறும். ஒரு வளவின் வேலி இவ்வூருக்கும் அடுத்த வளவின் வேலி அவ்வூருக்கும் உரியதாக இருக்கும்; ஆயினும் இரண்டு வளவிலும் மாலையில் எழும் சமையல் மணம் ஒன்றே. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாரிடமும் வேரூன்றிய நிலம் இது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேறுவதும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் பாண்டவர் வனவாசம் செல்வதும் ஒரே கரையின் நிகழ்ச்சிகள். நடப்பவன் இவற்றைக் காண்கிறான். அதே வேளையில், பஸ்ஸில் இருப்பவன் காணாத வேறொன்றையும் காண்கிறான்: குறிப்பிட்ட ஒரு சந்தியைத் தாண்டியவுடன் தன்னை நோக்கும் கண்கள் மாறுபடுவதையும், "எந்த ஊர்?" என்ற கேள்வி எழுவதையும். எல்லை மென்மையானது என்று மட்டும் சொல்பவன் பாதியையே சொன்னவனாவான்.

இந்த மென்மையான பரப்பின் மீதுதான் கடுமையான கோடுகள் வரையப்பட்டு வந்துள்ளன. முன்னர் இந்நிலம் கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என வழங்கியது. நிருவாகப் பிரிவுக்கும் மனத்தின் பிடிப்புக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலாயினும் சிந்திக்கத்தக்கது. 1949 ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணைக்கட்டு எழுந்தது. தமிழர் பட்டிப்பளை ஆறு என அழைத்த ஆற்றுக்கு மற்றைப் பெயரே உத்தியோகபூர்வமான பெயராக நிலைத்தது. குடியேற்றங்கள் இலக்கங்களாற் குறிக்கப்பட்டன. இன்றும் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்பவன் 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்றே வழி கேட்க வேண்டும். மடு, தரவை, வட்டை, சேனை, முனை என்று நீரையும் மண்ணையும் உழைப்பையும் சொல்லிய பெயர்களுக்கு அருகில் இவ்விலக்கங்கள் நிற்பதைப் பார்க்கும்போது, நிலத்தை நடந்து அறிந்தவர் இட்ட பெயருக்கும் மேசையில் விரித்து அறிந்தவர் இட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாகியது. எல்லைக் கோடு பற்றிய ஏக்கம் இன்றும் ஓயவில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூன் மாதத்தில் உண்ணாவிரதம் நடைபெற்றது. எதிர்த்தரப்பினரும் வீதிக்கு வந்தனர். 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருதுக்குத் தனியான நகரசபை அறிவிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. ஒரு கோட்டை ஓர் ஒழுங்கை அளவு நகர்த்துவதற்காக மனிதர் உண்ணாதிருக்கும் நிலத்தில், நடந்து திரிபவனின் குறிப்பேடு அப்பாவித்தனமான பொருள் அன்று.

நடத்தலைப் போற்றும் சிந்தனை மரபு மேனாட்டில் வலுவானது. ரூசோ தம் இறுதிக் காலத்தில் தனித்து உலாவியவாறே சிந்தித்தவற்றை ஒரு நூலாக்க முயன்று, அது முற்றுப்பெறாத நிலையில் 1778 இல் மறைந்தார். அமெரிக்கரான தோரோ நடத்தலைப் பற்றி எழுதிய கட்டுரை அவர் இறந்த 1862 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வீட்டாரை விட்டு, கடனையும் தீர்த்து, திரும்பி வராதவன்போற் புறப்படுபவனே உண்மையில் நடப்பவன் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். இவ்விருவரும் நடத்தலை விடுதலையாகக் கண்டனர். நிலத்துக்கு முதலில் வேலியிட்டவனிடத்திலேயே மனித சமத்துவமின்மையின் தோற்றத்தை ரூசோ கண்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. வேலியை வெறுத்த சிந்தனையாளர் வேலிகளுக்கு வெளியே உலாவியதில் வியப்பில்லை.

ஆயின் கல்முனைக் கரையில் நடத்தல் எப்பொழுதும் விடுதலையாக இருந்ததில்லை. போர்க்காலத்திற் காவலரணை அணுகும் ஒவ்வொருவனும் வண்டியிலிருந்து இறங்கி அதனை உருட்டிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது; அங்கே நடத்தல் பணிவின் அடையாளம். 1990 இல் மூட்டை முடிச்சுகளுடன் தம் ஊரை விட்டு நடந்தவர்கள் இயற்கையை நாடி நடக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டவற்றை, அம்பாறை மாவட்டம் இழந்தது. எஞ்சியோர் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே நடந்தனர். அதன்பின் கிழக்குக் கரையிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடமைக்கலாகாது என்னும் விதி வந்தது. சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊரொன்றில் 200 மீற்றர் என்பது எத்தனை தலைமுறைகளின் வளவுகள் என்பதைக் கோட்டை வரைந்த கை அறிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றும். அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. பாண்டிருப்பில் ஆண்டுதோறும் வனவாசம் புறப்படும் பாண்டவரைப் பார்த்து நிற்கும் கூட்டத்துக்கு, நிலம் பறிபோனவனின் நடை எத்தகையது என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தோரோவின் நடை, திரும்பி வர வீடுள்ளவனின் நடை. திரும்பி வராதவன்போற் புறப்படுதல் அவனுக்கே ஒரு பாவனையாக இயலும்.

இவ்விடத்தில் 'மறக்கப்பட்ட நிலம்' என்ற தொடரையும் ஆராய வேண்டும். ஊர்ப்புறங்களிலும் காட்டோரங்களிலும் திரிபவர்கள் இத்தொடரைப் பெரிதும் விரும்புவர். புதர் மூடிய கிணறு, கூரையற்ற சுவர், தனித்து நிற்கும் மாமரம் ஆகியவற்றைக் கண்டவுடன் எழுதுகோல் தானாகவே அச்சொற்களை எழுதிவிடும். ஆனால் மறத்தல் என்பது நிலத்தின் பண்பு அன்று, ஒருவருடைய செயல். எனவே, மறந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை கூறாமல் அத்தொடரைப் பயன்படுத்தல் முறையாகாது. பொத்துவிலுக்கு அண்மையிலுள்ள கனகர் கிராமத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் 1990 இல் இடம்பெயர்ந்தன. பின்னர் அந்நிலத்திற் காடு வளர்ந்தது. அவ்வழியே பின்னாளில் வண்டி மிதித்துச் சென்ற அயலான் ஒருவன் அதனைக் கைவிடப்பட்ட நிலம் என்றே எண்ணியிருப்பான். ஆனால் 2018 இல் அந்நிலத்தைத் திருப்பித் தருமாறு கோரி அதே மக்கள் வீதியோரத்தில் அமர்ந்தனர். இருபத்தெட்டு ஆண்டுகளாக அதை மறவாதிருந்தவர்கள் அவர்கள். மறக்கப்பட்ட நிலம் என்று எழுதுபவன், தான் அறியாமலே, உரியவர் மறந்துவிட்டனர் என்று சாட்சி சொல்லிவிடுகிறான். அழகுணர்ச்சியால் எழுதிய ஒரு சொற்றொடர் வழக்கொன்றில் எதிர்த்தரப்புக்கு உதவக்கூடும். இது மிகைப்படுத்திய அச்சம் எனச் சிலர் கருதலாம். உறுதிப் பத்திரமும் வரி ரசீதும் எரிந்துபோன ஒருவரோடு பேசியவர் அவ்வாறு கருதமாட்டார்.

வழியறிவு நடுநிலையானது அன்று என்பதை இரண்டு வேறுபட்ட உதாரணங்கள் தெளிவாக்கும். முதலாவது, இக்கிழக்குக் கரையிலேயே தொடங்கிய கதை. 1660 இல் திருகோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவிற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயனான றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தான். சிறையென்றாலும் பூட்டிய சிறை அன்று. ஊர்களில் வாழவும் தொழில் செய்யவும் இடமளிக்கப்பட்ட சிறை. அவன் தொப்பி பின்னினான். நெல்லைக் கடனாகக் கொடுத்தான். பின்னர் தோழன் ஒருவனுடன் சிறு பொருள்களைச் சுமந்து விற்கத் தொடங்கினான். ஊரூராக வியாபாரம் செய்வதாகத் தோன்றிய அந்நடை, உண்மையில் வடவெல்லையின் காடுகளையும் காவல்களையும் ஆராயும் நடையாக இருந்தது. 1679 இல் அவர்கள் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாக் கரைவழியே மேற்குக் கரையின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினர். 1681 இல் இலண்டனில் அவனது நூல் வெளியாயிற்று. அதிலே ஒரு தேசப்படமும் இருந்தது. நொக்ஸைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. சிறைப்பட்டவனுக்குத் தப்பும் உரிமை உண்டு. ஆயினும் அவனிடம் புகையிலை வாங்கி, உண்டு போகுமாறு உபசரித்து, வழியும் சொல்லிய கிராமத்தவருக்கு அவ்வழி எங்கே செல்லப் பயன்படப்போகின்றது என்பது தெரியாது. அவர்கள் கொடுத்த அறிவு அவர்கள் ஒருபோதும் காணாத நகரமொன்றில் அச்சேறியது.

இரண்டாவது உதாரணம் தமிழிலக்கியம் தருவது. பத்துப்பாட்டினுள் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் வறியவனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுதலே அவற்றின் அமைப்பு. குறிப்பாக மலைபடுகடாத்தில் வழியின் அழகு மட்டுமன்றி அதன் ஆபத்துகளும் விரிவாகப் பேசப்படுகின்றன: பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கல், வழுக்கும் பாறை, பாம்பு உறையும் குழி. எந்த நிலத்து மக்கள் எவ்வகை உணவு தந்து உபசரிப்பர் என்பதும் அவ்வவ்விடத்தே கூறப்படுகின்றது. இவ்விலக்கிய வகையைப் புரவலர் புகழ் பாடும் உத்தியென மட்டும் கண்டு ஒதுக்குவோர் உளர். அப்பார்வைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. எனினும் அதன் உள்ளே ஓர் ஒழுக்கநெறி இருக்கின்றது. வழியறிந்தவன் அதனைத் தன் உடைமையாக வைத்திருக்கவில்லை. தன்னைப்போல் நடக்க வேண்டியவனுக்கு, பசியோடிருப்பவனுக்கு, அதைக் கொடுக்கிறான். மேலும், வழியிலுள்ள மக்களைக் காட்சிப் பொருளாகக் காட்டாமல், வருபவன் வணங்கிப் பேச வேண்டிய விருந்தோம்புவோராகக் காட்டுகிறான்.

நொக்ஸுக்கும் பாணனுக்கும் இடையே உள்ள வேறுபாடு நோக்கத்தில் மட்டும் இல்லை. ஒருவன் திரும்பி வரப்போவதில்லை. மற்றவனோ, அவனுடைய இனத்தவரோ, அடுத்த கோடையில் அதே வழியில் வரவேண்டியவர். இதனை இன்னும் தெளிவாகக் காண்பதற்குச் சங்க காலத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிற் கல்முனைக் கரையில் மீனெடுத்து, பெட்டியை வண்டியின் பின்னாற் கட்டி, களப்பைக் கடந்து மேற்கேயுள்ள ஊர்களுக்குச் செல்லும் மீன் வியாபாரியைப் பார்த்தாற் போதுமானது. மட்டக்களப்புத் தமிழர் கடலோரத்தை எழுவான்கரை என்றும் களப்பின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பர். ஞாயிறு எழும் கரையிலிருந்து ஞாயிறு படும் கரைக்கு அவன் நாள்தோறும் போய் வருகிறான். மோட்டார் சைக்கிள்கள் பெருகிய இக்காலத்திலும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் அற்றுப்போகவில்லை. மாரியிற் கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாயும்போது, வண்டியைத் தோளளவு உயர்த்தியும் தள்ளியும் கடக்க முயல்வோருள் அவனும் ஒருவன். எந்த வளவில் எந்த மீன் விரும்பப்படும், எந்த வீட்டில் இழவு, எந்த ஊரில் நேற்றிரவு பதற்றம், எந்த ஒழுங்கையால் இன்று போகாதிருப்பது நல்லது என்பவற்றையெல்லாம் அவன் அறிவான். எல்லையைப் பற்றிய இத்துணை நுட்பமான அறிவு எந்தச் செயலகத்தின் படத்திலும் இல்லை.

அவனைக் காண்பவர் எவரும் "எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. கேள்வி எழாமைக்குக் காரணம் அவன் ஊராருள் ஒருவன் என்பதன்று. பல ஊர்களில் அவன் அயலவனே. அவன் நாளையும் வரவேண்டியவன் என்பது எல்லோருக்கும் தெரியும். நேற்று வாங்கிய மீன் பழுதாயிருந்தால் இன்று படலையடியில் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஓரூரிற் கேட்டதை மற்றோரூரிற் திரித்துச் சொன்னால் நாளை மறுதினம் அவ்வொழுங்கை அவனுக்கு அடைபட்டுவிடும். அவன் அறிவு பொறுப்புடைய அறிவாக இருப்பதற்கு அவனது நற்குணத்தைவிட இந்தத் திரும்பி வருதலே பெருங்காரணம் எனலாம். இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், நிலத்தை அறிவதற்கு நடை மட்டும் போதாது. தான் கண்டதற்கும் சொன்னதற்கும் கண்டவர் முன்னிலையில் விடை கூற மீண்டும் வர வேண்டும். வழியறிவு கடனாகப் பெறப்படுவது, கடன்பட்டவன் தலைமறைவாகலாகாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அவ்வாறாயின் ஊரவரே ஊரைப் பற்றிப் பேச வேண்டும், அயலவன் வாய்திறக்கலாகாது என்றாகாதா? தன் ஊரின் எல்லைக்குள்ளேயே வாழ்பவன் தனக்குத் தெரிந்ததை மட்டுமே உண்மையெனக் கொள்வான் அல்லவா? கலவரங்களின் பின் இக்கரையிற் பல ஆண்டுகள் ஓரூரார் மற்றோரூரின் உள்ளொழுங்கைகளிற் கால்வைக்காதிருந்தனர். அந்நிலையில் இரண்டு பக்கமும் நடந்து கண்ட அயலவன் ஒருவனே இரண்டு பக்கத்துக்கும் செய்தி சொல்லக்கூடியவன். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. அயலவன் வேண்டாதவன் அல்லன். ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் இக்கரையோரத்துக்கு அயலவரே. வடக்கிலிருந்து வரும் அவர்கள் மட்டக்களப்பு, கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என நடந்து, சிங்களமும் தமிழும் நெடுங்காலம் கலந்து வழங்கிய பாணமையைத் தாண்டி உகந்தையை அடைவர். அங்கிருந்து ஆண்டிற் சில நாட்கள் மட்டும் திறக்கப்படும் காட்டுவழியாற் குமண, யால வனங்களைக் கடப்பர். யானையும் கரடியும் உலவும் அவ்வழியை ஒருவன் தனித்து அறிய இயலாது. முன் சென்றவர் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் அவ்வழி தடைப்பட்டிருந்தும் அறுந்துபோகாமைக்கு, மீண்டும் மீண்டும் அதே வழியில் வந்த கால்களே காரணம். அயலவனாயினும் அடுத்த ஆண்டும் வருபவன், ஒரே ஒரு முறை வந்து நூலெழுதிச் செல்பவனிலிருந்து வேறுபட்டவன். பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இவ்விரண்டில் எவ்வகையினர் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம். வினாக்கொத்துடன் ஒரு விடுமுறையில் வந்து சென்றவரின் ஆய்வேடு, விடையளித்த ஊருக்கு ஒரு பிரதியேனும் திரும்பி வந்ததா என்பது கேட்கத்தக்க கேள்வி.

மேற்கூறியவற்றிலெல்லாம் நடப்பவன் 'அவன்' என்றே சுட்டப்பட்டான். அது மொழியின் வசதி கருதி மட்டும் நேர்ந்ததன்று. கிழக்கிலங்கையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பொதுவான வழக்கம். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆகவே வளவின் எல்லைக்கல் எங்கே நட்டிருந்தது, கிணறு எத்திசையில் இருந்தது, எந்த மரம் யாருடையது என்பவற்றை இழந்த ஊர்களிலும் நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் பெண்கள். நிலம் அவர்கள் பெயரில். நிலங்களுக்கு இடையேயுள்ள வழி ஆண்களிடத்தில். நடந்தறிந்த நிலவரலாறு என எழுதப்படுபவற்றில் இந்தப் பாதி அறிவு இடம்பெறுவது அரிது. கல்முனைப் பெருந்தெருவிற் காலையில் வண்டியிற் செல்லும் மாணவியருக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்து வகுப்பு வரையும், வகுப்பிலிருந்து வீடு வரையும் அவ்வண்டிகள் ஓடும். அவற்றுள் ஒன்று ஒரு சனிக்கிழமை மேற்கே திரும்பி, நற்பிட்டிமுனையைத் தாண்டி, தாம்போதியையும் கடந்து, படுவான்கரை ஒழுங்கையொன்றில் நிற்குமாயின், வண்டியைப் பிடித்து நிற்கும் அவளிடம் முதலிற் கேட்கப்படுவது "எந்த ஊர்?" என்பதாக இராது, "யாருடைய மகள்?" என்பதாகவே இருக்கும்.